நிற்கும் வண்டியின் பெட்ரோல்

கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றிக் கவிழ்த்தால், அந்த வண்டியை அதன் சொந்தக்காரர் எப்படி வைத்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். நான் தொழில் பழகிய காலத்தில் கிண்ணத்தில் வருவது பெரும்பாலும் டேங்கிலிருந்து இறங்கிய சிவப்புத் துரு. நெடுநாள் நின்ற வண்டி என்றால் பெட்ரோல் வற்றிப் படிந்த பழுப்பு அரக்கு. தின்னரில் ஊறப்போட்டுக் காற்றடித்தால் வேலை முடிந்தது. இப்போது வருவது வேறு. கிண்ணத்தின் சுவரெல்லாம் வெள்ளைப் பொடி, பித்தளை ஜெட்டின் கழுத்தில் பச்சை, அடியில் தொட்டால் வழுக்குகிற கூழ். பொடியைத் துடைத்துப் பார்த்தால் உலோகமே சொரசொரவென்று அரித்துக் கிடக்கிறது. துருவைக் கழுவிவிடலாம். அரித்துப்போன கிண்ணத்தை என்ன கழுவினாலும் போன உலோகம் வராது.

பட்டறை வட சென்னையில், திருவொற்றியூருக்குப் பக்கம். புல்லட் மெக்கானிக்குக்கு அது வண்டி பிறந்த ஊர். என்ஃபீல்டு இந்தியா 1950-களின் நடுவில் கால் ஊன்றியது அங்கேதான். என்னிடம் வருபவை புல்லட், ஆர்எக்ஸ்100, எஸ்டி, எப்போதாவது ஒரு ராஜ்தூத், பழைய சிடி100, நிறைய டிவிஎஸ் எக்ஸ்எல். எல்லாமே கார்புரேட்டர் வண்டி. புது வண்டியில் சென்சார் பார்த்து இன்ஜெக்டர் தன் அளவைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். இந்த வண்டிகளுக்கு அந்த வழி இல்லை. முப்பது வருஷத்துக்கு முன் எந்தப் பெட்ரோலுக்கு ஜெட் துளை போட்டார்களோ, அந்தப் பெட்ரோல்தான் இன்னும் வருகிறது என்ற கணக்கில் அவை ஓடிக்கொண்டிருக்கின்றன.

பெட்ரோல் மாறுவது எனக்குப் புதிதல்ல. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல் வந்தபோது நான் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற பையன். வால்வு சீட் தேய்ந்துவிடும், புல்லட்டின் கதை முடிந்தது என்று பெரிய பெரிய மேஸ்திரிகளே பேசிக்கொண்டார்கள். புல்லட் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 2003-இல் தமிழ்நாடு உட்பட ஒன்பது மாநிலங்களில் 5 சதவீத எத்தனால் கலவை தொடங்கியது. ஆலையில் மொலாசஸ் கிடைத்தால் கலந்தார்கள், கிடைக்காவிட்டால் இல்லை. பட்டறையில் யாருக்கும் அது தெரியக்கூட இல்லை. 2022 ஜூனில் நாட்டின் சராசரி 10 சதவீதத்தைத் தொட்டது. 2023 பிப்ரவரியில் பெங்களூரில் 20 சதவீதப் பெட்ரோலை அறிமுகம் செய்தார்கள். 2030-க்கு என்று வைத்திருந்த இலக்கை 2025-க்கு இழுத்து, அதை எட்டியும்விட்டார்கள். பத்தைத் தொட ஏறக்குறைய இருபது வருஷம் ஆனது. பத்திலிருந்து இருபதுக்கு மூன்றே வருஷம். வெள்ளைப் பொடி என் மேஜைக்கு அடிக்கடி வரத் தொடங்கியதும் இந்த மூன்று வருஷத்தில்தான்.

எத்தனாலுக்கு நான் எதிரி இல்லை. கரும்பு போடுகிறவனுக்கும் மக்காச்சோளம் போடுகிறவனுக்கும் அதில் காசு வருகிறது, கப்பலில் வரும் கச்சா எண்ணெய் கொஞ்சம் குறைகிறது, பெட்ரோலின் ஆக்டேன் ஏறுகிறது. பிரேசில் 1975-இலிருந்து இதைச் செய்கிறது. 2025 ஆகஸ்டிலிருந்து அங்கே கலவை 30 சதவீதம். ஆனால் பிரேசிலில் பல பத்தாண்டுகளாக வண்டியையே அதற்கென்று செய்து விற்கிறார்கள். ரப்பர், ஜெட், டேங்கின் உட்பூச்சு எல்லாம் எத்தனாலைத் தெரிந்தவை. இங்கே ஓடுகிற எஸ்டியும் ஆர்எக்ஸும் வெறும் பெட்ரோலை மட்டுமே பார்த்துப் பிறந்தவை. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் பிரேசிலை மட்டும் உதாரணம் காட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

வாடிக்கையாளர்களுக்கு விஷயத்தைப் புரியவைக்க ஒரு கண்ணாடி அளவுக்குழாய் வைத்திருக்கிறேன். வெல்டிங், சிகரெட் எதுவும் பக்கத்தில் இல்லாத இடமாகப் பார்த்து, 20 மில்லி தண்ணீர் ஊற்றி, அதன்மேல் அவர்கள் வண்டியிலிருந்து எடுத்த பெட்ரோலை 80 மில்லி ஊற்றி, மூடிக் குலுக்கி வைத்துவிடுவேன். தெளிந்ததும் கோட்டைப் பார்த்தால் தண்ணீர் 20-இல் நிற்காது. 36-க்குப் பக்கத்தில் நிற்கும். கூடிய 16 மில்லி, பெட்ரோலில் கலந்திருந்த எத்தனால். தண்ணீரைக் கண்டதும் பெட்ரோலை விட்டு இறங்கி அதோடு சேர்ந்துகொண்டது. பழைய வண்டியின் பிரச்சினையில் முக்கால் பாகம் இந்தக் குழாய்க்குள் இருக்கிறது.

கொஞ்சம் ஈரத்தை எத்தனால் கரைத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். அந்த ஈரம் இன்ஜினுக்குள் போய் ஆவியாகிவிடும், கெடுதல் இல்லை. 10 சதவீதக் கலவை தன் அளவில் ஏறக்குறைய அரை சதவீதம் தண்ணீரைத் தாங்கும். அதாவது 10 லிட்டருக்கு 50 மில்லி. 20 சதவீதக் கலவை இன்னும் கூடுதலாகத் தாங்கும். அந்த எல்லையைத் தாண்டினாலோ, எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும்போது ராத்திரி குளிர் இறங்கினாலோ, தண்ணீரும் எத்தனாலும் கைகோத்துக்கொண்டு மொத்தமாக டேங்கின் அடிக்கு இறங்கிவிடும். கலவை எவ்வளவு கூடுதலோ, பிரியும்போது இறங்குகிற அடுக்கும் அவ்வளவு பெரியது.

இதை நான் முழுசாகக் கண்ணால் பார்த்தது வெள்ளத்தில். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் வாரக்கணக்கில் வந்துகொண்டே இருந்தன. டேங்க் மூடியின் காற்றுத் துளை வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கும். அப்போது நாட்டின் சராசரிக் கலவை 5 சதவீதம்கூட இல்லை. டேங்கைக் கழற்றிச் சாய்த்து வைத்தால் தண்ணீர் மூலையில் தனியாக நிற்கும். அதை வடித்துவிட்டு, மேலே இருந்த பெட்ரோலைத் துணியில் வடிகட்டி அதே வண்டிக்கு ஊற்றினோம், ஓடியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். அதே தெருக்கள், சில வண்டிகள்கூட அதே வண்டிகள். இந்தத் தடவை சாய்த்து வடித்தபோது, புகுந்த தண்ணீரைப்போலப் பல மடங்கு வடிந்தது. கலங்கலாக, சாராய நெடியோடு வந்துகொண்டே இருந்தது. மேலே மிஞ்சிய பெட்ரோல் பார்க்கத் தெளிவாக இருந்தாலும், எத்தனாலை இழந்ததால் அதன் ஆக்டேன் இறங்கிப் போயிருந்தது. பாலம் ஏறும்போது இன்ஜின் தட்டுகிற சத்தம் கேட்டது. அப்போதிலிருந்து, வெள்ளத்தில் நின்ற வண்டியின் பெட்ரோலை ஒரு சொட்டு விடாமல் எடுத்துவிடுவதுதான் பட்டறை வழக்கம்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம், ரிசர்வ். பழைய வண்டியின் பெட்ரோல் டேப்பில் மெயினுக்கு ஒரு குழாய் டேங்குக்குள் உயர்ந்து நிற்கும். ரிசர்வ் அடியிலிருந்தே எடுக்கும். அடியில் அடுக்கு பிரிந்து கிடந்தாலும் மெயினில் ஓடும்வரை வண்டிக்கு ஒன்றும் தெரியாது. “நல்லாத்தான்ணா ஓடிச்சு. ரிசர்வ்ல போட்டேன், ரெண்டு நிமிசத்துல ஆஃப் ஆயிடுச்சு” என்று தள்ளிக்கொண்டு வருகிறவர்களிடம் பிளக்கைக்கூடக் கழற்றிப் பார்க்க வேண்டியதில்லை. டேப்பின் அடியில் ஒரு கண்ணாடிக் குவளையைப் பிடித்தால் போதும். அதனால்தான் மாதம் ஒருமுறையாவது ரிசர்வில் கொஞ்ச தூரம் ஓட்டச் சொல்கிறேன். அடியில் சேர்ந்த சிறு ஈரம் அப்போதைக்கப்போது எரிந்து போய்விடும்.

காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி ஒரே வாரத்தில் டேங்கெல்லாம் தண்ணீராகிவிடும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அப்படி நடப்பதில்லை. மூடி சரியாக இருக்கிற, வாரத்துக்கு ஒருமுறை பெட்ரோல் போடுகிற வண்டியில் எங்கள் கடற்கரைக் காற்றில்கூட நான் அடுக்குப் பிரிந்து பார்த்ததில்லை. தண்ணீர் வருவது மூடியின் ரப்பர் செத்துப்போய் மழை இறங்குவதால், பைப் பிடித்து வண்டியைக் கழுவும்போது மூடிமேல் அடிப்பதால், பாதி டேங்கோடு மாதக்கணக்கில் நின்று உள்சுவரில் வியர்ப்பதால். சில சமயம் பங்க்கின் நிலத்தடித் தொட்டியிலிருந்தே வருகிறது. ஒரு ஐப்பசி மழையில் ஒரே பங்க்கில் பெட்ரோல் போட்ட வண்டிகள் அடுத்தடுத்து என் வாசலுக்கு வந்து நின்றன. குவளையைப் பிடித்தால் எல்லாவற்றிலும் அதே கலங்கல். பேஸ்ட் தடவிய கோலை இறக்கித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பங்க்கில் தினமும் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் அதைப் பார்த்தீர்களா என்று கேட்கத் தயங்கக்கூடாது.

ரப்பருக்கு வருகிறேன். எத்தனால் பழைய ரப்பரை ஊதவைக்கும், பிறகு காய்ந்தால் சுருங்கி வெடிக்கவைக்கும். ஃப்ளோட் நீடிலின் நுனி ரப்பர் மில்லிமீட்டரில் ஒரு பங்கு ஊதினாலே பெட்ரோல் மட்டம் மாறிவிடும், சுருங்கினால் ஓவர்ஃப்ளோ. புல்லட்டின் பழைய டேப்பில் கார்க் இருக்கும். பல வருஷம் பெட்ரோலில் ஊறிய கார்க் எத்தனாலுக்கும் தாங்குகிறது, ஆனால் ஒருமுறை காயவிட்டால் திரும்பப் பிடிப்பதில்லை. மோசம், தெருமுனைக் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிற அந்தக் கண்ணாடி டியூப். அதை வளையும்படி மென்மையாக வைத்திருக்கிற சரக்கை எத்தனால் உருவி எடுத்துவிடுகிறது. சில மாதத்தில் மஞ்சளாகி, விறைத்து, முனையில் கீறல் விடும். சூடான இன்ஜினுக்கு மேலே தொங்குகிற டியூபில் கீறல் என்றால் அது ரிப்பேர் விஷயம் இல்லை, உயிர் விஷயம். கார்களின் இன்ஜெக்‌ஷன் லைனுக்குப் போடுகிற கறுப்பு ரப்பர் குழாயில் சரியான அளவை வாங்கிப் போட்டுவிடுகிறேன். பெட்ரோல் ஓடுவது கண்ணுக்குத் தெரியாதே என்று சிலர் குறைப்படுவார்கள். தெரிய வேண்டியதில்லை.

நீடில், ஓ-ரிங் எல்லாம் எத்தனாலைத் தாங்குகிற விட்டான் (Viton) ரப்பரில் கிடைக்கின்றன. விட்டான் என்று சொல்லி விற்பதெல்லாம் விட்டான் இல்லை. நிறத்தை வைத்தும் நம்ப முடியாது. புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ புது சரக்கு வாங்கினால், அதில் ஒன்றை வெர்னியரில் அளந்து, பங்க் பெட்ரோலில் ஒரு வாரம் மூடி வைத்து, மறுபடி அளப்பேன். ஊதியிருந்தால் அந்தப் பொட்டலம் முழுதும் திரும்பக் கடைக்குப் போய்விடும். பையன்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுக்கிறேன். ஸ்பானர் பிடிப்பது தானாக வந்துவிடும்.

டேங்குக்கு உள்ளே துருவுக்காக எப்போதோ பூசிய எபாக்ஸிப் பூச்சு இன்னொரு தலைவலி. பழைய பூச்சுகளில் சில எத்தனால் பட்டால் தோல் உரிந்து வருகின்றன. உரிந்த செதில் டேப்பின் வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடி நிற்கும், ஐந்து நிமிடம் ஆறினால் மறுபடி ஓடும். இதற்காக காயிலை மாற்றி, பிளக்கை மாற்றி, கடைசியில் கார்புரேட்டரையே மாற்றிவிட்டு வந்தவர்கள் உண்டு. பூச்சே இல்லாத டேங்கிலும், எத்தனால் முதல் சில டேங்க்குகளுக்கு உள்ளே இறுகிப்போன பழைய கசடைக் கரைத்துக் கீழே அனுப்பும். அந்தக் கட்டத்தில் டேப்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் ஒரு சின்ன ஃபில்டர் போட்டால் பாதித் தொல்லை குறையும்.

முதலில் அடைபடுவது எப்போதும் பைலட் ஜெட். அதன் துளை தலைமுடி நுழைகிற அளவுதான். அதைக் கம்பியால் குத்துவது பட்டறைகளில் பரம்பரையாக வருகிற பழக்கம், நான் கடுமையாக எதிர்க்கிற பழக்கமும் அதுதான். பித்தளையில் கம்பி போனால் துளை பெரிதாகிவிடும், அதன்பிறகு அந்த ஜெட்டின் எண்ணுக்குப் பொருளே இல்லை. காசிமேட்டில் வலைக்காரர்களிடம் கிடைக்கிற மெல்லிய நைலான் நரம்பில் ஒரு துண்டு போதும். அடைப்பை எடுக்கும், பித்தளையைத் தொடாது.

இனி டியூனிங். ஒரு பங்கு பெட்ரோல் சரியாக எரிய எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும், ஏனென்றால் அதற்குள்ளேயே ஆக்ஸிஜன் இருக்கிறது. 20 சதவீதக் கலவைக்கு இது 13.5-க்குப் பக்கத்தில் வரும். ஆக அதே ஜெட், அதே காற்று என்றால் வண்டி லீனாக ஓடுகிறது: காற்று அதிகம், எரிபொருள் குறைவு. பிளக்கின் பீங்கான் காப்பிக் கொட்டை நிறத்தை விட்டு வெளுக்கும். காலையில் சோக்கை நெடுநேரம் இழுத்து வைக்க வேண்டியிருக்கும். ஒரே வேகத்தில் போகும்போது வண்டி இழுப்பதும் விடுவதுமாகத் திணறும். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கும். புல்லட் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளும். பெரிய இரும்பு சிலிண்டர், நிதானமான வேகம். ஆர்எக்ஸ்100 பொறுக்காது. டூ-ஸ்ட்ரோக்கில் குளிர்ச்சியும் எண்ணெயும் உள்ளே வருகிற எரிபொருள்-காற்றுக் கலவையோடு சம்பந்தப்பட்டவை. லீனாக வைத்து ஈசிஆரில் முழு ஆக்ஸிலரேட்டரில் பிடித்தால் பிஸ்டன் ஜாம் ஆவதற்கு அதிக தூரம் ஆகாது.

லீன் என்றதும் ஜெட்டைத் தொடக்கூடாது. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் இணைப்பை வளைத்துப் பார்க்க வேண்டும். முப்பது வருஷ ரப்பரில் மயிரிழை வெடிப்பு இருந்தால் காற்று அங்கே புகுந்து இதே அறிகுறிகளையெல்லாம் காட்டும். அது சரியாக இருந்தால் நீடிலின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்குவேன். நீடில் உயரும், நடு வேகத்தில் கலவை கெட்டியாகும். காற்று ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே. பிறகு ஓட்டிப் பார்த்து, பிளக்கைப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் மெயின் ஜெட்டில் ஒரு படி: 100 இருந்த இடத்தில் 105. கணக்குப்படி வெறும் பெட்ரோலுக்கு வைத்திருந்த இன்ஜினுக்கு ஏழெட்டு சதவீதம் கூடுதல் எரிபொருள் கேட்கும். ஆனால் அந்தக் காலத்தில் கம்பெனியே கொஞ்சம் கெட்டியாகத்தான் செட் பண்ணி அனுப்பியிருக்கிறது. பல வண்டிகளுக்குக் கிளிப் ஒன்றே போதுமாகிவிடுகிறது. எண் பொறிக்காத ஜெட்டை இனாமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

மைலேஜ் பாதியாகிவிட்டது என்று வருகிறவர்களுக்கும் ஒரு கணக்கு சொல்வேன். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலின் சக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்கு. இருபது சதவீதம் கலந்தால் மொத்தத்தில் போவது ஏழு சதவீதத்துக்குள். 2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட திட்ட அறிக்கை இருசக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 சதவீத இழப்பு என்று மதிப்பிட்டது. என் வாடிக்கையாளர்கள் சொல்வது அதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆனால் கால்வாசி, பாதி என்று இறங்கினால் அது எத்தனால் கணக்கில் சேராது. எங்கோ ஒழுகுகிறது, அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. எல்லாப் பழியையும் பெட்ரோல்மேல் போட்டுவிட்டால் வண்டியில் இருக்கிற உண்மையான கோளாறு அப்படியே கிடக்கும்.

சந்தையில் இதை வைத்து வியாபாரமும் நடக்கிறது. எத்தனாலை முறிக்கும் மருந்து என்று சின்ன புட்டிகள் வருகின்றன. கலந்த எத்தனாலை எடுக்கிற மருந்து எதுவும் கிடையாது. நல்ல ஸ்டெபிலைசர் பெட்ரோல் பழசாவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். சில பையன்கள் கேனில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி எத்தனாலைப் பிரித்துவிட்டு, மேலே நிற்பதை வண்டிக்கு ஊற்றுகிறார்கள். நான் மேலே சொன்ன வெள்ளத்துப் பெட்ரோலைத்தான் அவர்கள் கையால் தயாரிக்கிறார்கள்: ஆக்டேன் செத்த, ஈரம் ஊறிய பெட்ரோல். வீட்டு மாடியில் கேன் கேனாகப் பெட்ரோலைக் குலுக்குவதில் இருக்கிற தீ ஆபத்து தனி. தயவுசெய்து செய்யாதீர்கள். எத்தனால் இல்லை என்று சொல்லி 100 ஆக்டேன் பெட்ரோல் சில பங்க்குகளில் விற்கிறது. விலை சாதாரணப் பெட்ரோலைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். பழைய குறைந்த கம்ப்ரஷன் இன்ஜினுக்கு அந்த 100 ஆக்டேனால் இழுவை கூடாது. நிறுத்திவைப்பதற்கு முன் கடைசியாக ஊற்றும் இரண்டு லிட்டருக்கு வேண்டுமானால் அது நல்ல பெட்ரோல்.

காசிமேட்டிலிருந்து மீன் கூடை ஏற்றிப் போகிற டிவிஎஸ் எக்ஸ்எல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். டூ-டி ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றுகிற பழைய டூ-ஸ்ட்ரோக். காகிதத்தில் பார்த்தால் எத்தனாலுக்கு முதலில் விழ வேண்டியவை இவைதான். டூ-டி ஆயில் பெட்ரோலோடு போகும். பிரிந்து இறங்கிய எத்தனால் தண்ணீர் அடுக்கில் ஆயில் இருக்காது. அந்த அடுக்கு இன்ஜினுக்குள் போனால் எண்ணெயே இல்லாமல் பிஸ்டன் உரசும். ஆனால் இந்த வண்டிகள் அந்தக் கோளாறோடு என்னிடம் வருவதே இல்லை. உப்புத் தண்ணீரில் ஃபுட்போர்டு இற்றுப்போய் வரும், செயின் துருப்பிடித்து வரும், ஸ்போக் உடைந்து வரும். கார்புரேட்டர் சுத்தமாக இருக்கும். விடியற்காலையில் ஒரு லிட்டர் ஊற்றுகிறார்கள், மத்தியானத்துக்குள் அது எரிந்துவிடுகிறது. அந்த டேங்கில் எந்தப் பெட்ரோலும் பிரிகிற அளவுக்கு நேரம் தங்குவதில்லை.

இன்னொரு பக்கம், லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கி, குரோம் பூசி, உறை போட்டு அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நிற்கிற ஆர்எக்ஸ்100. “ண்ணா, ஷோரூம் கண்டிஷன்ல வெச்சிருக்கேன். கிக்கர அடிச்சு அடிச்சு கால் போச்சு, ஸ்டார்ட்டே ஆவல.” கிண்ணத்தைக் கழற்றினால் வெள்ளைப் பொடி. டேங்கில் நாலு மாசத்துப் பெட்ரோல். கார்புரேட்டரின் உலோகம், பித்தளை ஜெட், நடுவில் ஈரம் கலந்த எத்தனால்: மூன்றும் அசையாமல் ஒரே இடத்தில் நின்றால் அரிப்பு தொடங்கிவிடும். ஓடுகிற வண்டியில் அந்தக் கிண்ணத்துப் பெட்ரோல் சில நிமிடத்துக்கொருமுறை மாறிக்கொண்டே இருக்கிறது. பழைய வண்டியைக் காப்பாற்றுவது என்றால் அதை ஓட்டாமல் வைப்பது என்று நினைக்கிற அன்புதான் இன்றைக்கு அதிக கார்புரேட்டர்களைக் கொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். முடியாவிட்டால் நிறுத்தும்போது டேப்பை மூடி, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள், கிண்ணம் காலியாகிவிடும். இரண்டும் செலவில்லாத வேலை.

ஆனாலும் பாரம் முழுவதையும் வண்டிக்காரன் தலையில் வைப்பது நியாயம் இல்லை. பழைய வண்டிகளுக்காகக் குறைந்த கலவையும் கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த 2021 அறிக்கையிலேயே இருந்தது. எத்தனால் கலக்காத பெட்ரோலையும் விற்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. சரி, ஒரே பெட்ரோல்தான் என்று முடிவானால், அதில் எத்தனை சதவீதம் என்று குழாயைப் பிடிக்கிற இடத்தில் தமிழில் பெரிதாக எழுதி வைக்கலாம். ஒரு பழைய வண்டிக்கு டியூப், நீடில், ஓ-ரிங், டேப் வாஷர் எல்லாம் மாற்றச் சில நூறு ரூபாய் சாமான்தான் ஆகிறது. வண்டியைச் செய்த கம்பெனிகள் ஒவ்வொரு பழைய மாடலுக்கும் அதை ஒரே பொட்டலமாக, தங்கள் முத்திரையோடு விற்றால், எது விட்டான் எது போலி என்று நானும் புட்டியில் ஊறப்போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். மீன்காரரின் எக்ஸ்எல்லுக்கு அதை இலவசமாகவே கொடுக்கலாம். எரிபொருளை மாற்றும்படி அவர் யாரையும் கேட்கவில்லை.

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் எஸ்டி வைத்திருக்கிறார். அதற்கும் ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும். மகன் வீட்டில் ஆறு மாதம் இருக்கப் போகிறேன் என்று போன வாரம் வண்டியோடு வந்தார்.

“டேங்கை ஃபுல் பண்ணி வெச்சிட்டுப் போறேன் தம்பி. காத்து இல்லேன்னா துரு வராதுன்னு உன் மேஸ்திரிதான் சொல்லுவாரு.”

“அது அந்தப் பெட்ரோலுக்கு, ஐயா. இதுக்கு வேணாம்.”

ரெண்டு மாதம் என்றால் மூடிவரை நிரப்பி வைக்கலாம். ஆறு மாதத்துக்கு அது சரிப்படாது. டேங்கை முழுக்க வடித்தோம். ஒரு தம்ளர் டூ-டி ஆயிலை உள்ளே ஊற்றி, டேங்கைக் கையில் ஏந்தி எல்லாப் பக்கமும் உருட்டி, சுவர் முழுக்கப் பட வைத்தோம். கிண்ணத்தைக் கழற்றித் துடைத்துக் காயவைத்து மாட்டினோம். பிளக் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு, கிக்கரை மெதுவாக நாலு தரம் மிதித்து, பிளக்கைத் திரும்ப முடுக்கினோம். டேப்பின் வாஷர் காய்ந்து சுருங்கிவிடும் என்பதால் புதிதாக ஒரு ஜோடியைப் பொட்டலம் கட்டி ஹேண்டில்பாரில் கட்டிவிட்டேன். திரும்பி வந்ததும் அதை மாட்டி, பங்க்கில் ஒரு லிட்டர் மட்டும் புதிதாக வாங்கி, அளவாக ஆயில் கலந்து டேங்கில் ஊற்றிச் சுழற்றி, அதையும் வடித்துவிட்டு, அதன்பிறகு போடுகிற பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணச் சொல்லியிருக்கிறேன்.